அட்டவணையில் இல்லாதவர்

இந்திய அரசுச் சின்னத்தை யார் பயன்படுத்தலாம், யார் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் தனிச் சட்டம் 2005இல்தான் வந்தது. அதற்கு முன்பு, 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டத்துக்குள் அதுவும் ஒன்றாக அடங்கிக் கிடந்தது. மீறினால் அன்று விதிக்கக்கூடிய அபராதம் 500 ரூபாய்தான். புதிய சட்டம் இரண்டு ஆண்டுச் சிறை வரை போகும். அளவில் அது சிறிய சட்டம். குற்றவியல் பக்கம் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் பலருக்கு அதைப் பிரித்துப் பார்க்கும் தேவையே வந்திருக்காது. எனக்கு அந்தத் தேவையை உண்டாக்கியது ஒரு கிராம ஊராட்சித் தலைவரின் லெட்டர் பேடு.

தென் மாவட்டம் ஒன்றில், பட்டியலினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சி அது. 2011 உள்ளாட்சித் தேர்தலில் அந்த அம்மாள் வென்று வந்தார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குகளைப் பல வருடம் எழுதியவர். ஊரின் பெயரையோ அவருடைய பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட தலைவர் பதவிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவரே வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் 2006 வரை தலைவர் தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. எங்கள் கட்சிக்காரரான அந்த அம்மாளின் ஊரில் ரத்தம் சிந்தவில்லை. அங்கே நடந்தது வேறு வகை: தலைவர் என்று ஒருவர் இருப்பதையே யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பது.

அதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் தனியாகக் கையாடிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் தலைவர் பதவி ஒதுக்கீட்டில் ஒரு பக்கம் போக, துணைத் தலைவர் பதவி நிலமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்துக்குப் போய்விட்டால், அதே ஏற்பாடு ஒரு பூட்டாக மாறிவிடும். துணைத் தலைவர் மறுக்க வேண்டியதுகூட இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் போதும். தெருவிளக்கு வாங்கிய பில், குடிநீர்த் தொட்டி ஆபரேட்டரின் சம்பளம், எல்லாம் அடுத்த வாரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன.

ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோனபோது நிலைமை முற்றியது. ஒன்றிய அலுவலகத்துக்கு அவர் கடிதம் எழுதினார், பதில் இல்லை. மறுபடி எழுதினார். நேரில் போய்க் கேட்டபோது தபால் வரவில்லை என்றார்கள். வெள்ளைத் தாளில் எழுதினால் மனு என்று நினைத்துக் கட்டில் போட்டுவிடுவார்கள், தலைவர் எழுதுகிற மாதிரி எழுதுங்கள் என்று யாரோ யோசனை சொல்ல, பக்கத்து டவுனில் இருந்த அச்சாபீஸுக்குப் போயிருக்கிறார். அச்சாபீஸ்காரரிடம் அரசாங்க லெட்டர் பேடு மாதிரி ஒன்று கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. மேலே நடுவில் மூன்று சிங்கம், அதன் கீழே ‘வாய்மையே வெல்லும்’, அதன் கீழே ஊராட்சியின் பெயரும் தலைவரின் பெயரும். இருநூறு தாள் அடித்துக் கொடுத்தார். அந்தத் தாளில் போன முதல் கடிதம் மோட்டாருக்காக எழுதியது.

இந்த முறை கடிதம் கவனிக்கப்பட்டது. ஆனால் கவனித்தவர் துணைத் தலைவரின் உறவினர். தலைவர் தன்னை அரசாங்கம் என்று காட்டிக்கொண்டு அதிகாரிகளை ஏமாற்றப் பார்க்கிறார் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். கடிதங்கள் கைப்பற்றப்பட்டன, மீதித் தாள்களும் கைப்பற்றப்பட்டன. அந்த மோட்டார் கடிதம் அன்று முதல் வழக்குச் சொத்து ஆகிவிட்டது. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், அது கோர்ட்டில் இருக்கிறது, நாங்கள் எப்படி நடவடிக்கை எடுப்பது என்றார்கள். தண்ணீர் கேட்டு எழுதிய கடிதம் ஒன்று, சாட்சியமாகிவிட்ட ஒரே காரணத்தால் யாராலும் பதிலளிக்க முடியாத கடிதமாகிப் போனதை என் தொழிலில் அப்போதுதான் பார்த்தேன். அம்மாள் குழுவில் கடன் வாங்கி மோட்டாரைப் பழுது பார்த்தார்.

முதல் தகவல் அறிக்கையில் அரசுச் சின்னச் சட்டத்தோடு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவையும் சேர்த்திருந்தார்கள். இதன் காரணத்தைச் சட்டம் படிக்காத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள சிறப்புச் சட்டக் குற்றங்களில், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை தானாகப் புலன் விசாரணை செய்ய முடியாது. அரசுச் சின்னச் சட்டத்தின் உச்சபட்ச தண்டனை இரண்டாண்டு. ஆகவே அந்தச் சட்டம் மட்டும் இருந்தால் புகார்தாரர் நடுவரிடம் போயிருக்க வேண்டும். ஏழாண்டுத் தண்டனை உள்ள மோசடிப் பிரிவை ஒட்ட வைத்துவிட்டால் இந்தத் தடை விலகிவிடும். ஒரு குற்றம் அந்த வகையாக இருந்தால் கூட இருக்கும் சிறு குற்றமும் அதோடு சேர்ந்து போகலாம் என்று அன்று நடைமுறையில் இருந்த குற்ற விசாரணை முறைச் சட்டம் சொன்னது. 420 என்பது நம் ஊரில் வசைச் சொல்லாகவே ஆகிவிட்ட எண். ஊராட்சித் தலைவர் மேல் ஃபோர்ட்வென்டி கேஸ் என்று ஊரில் பேச ஆரம்பித்தபோது, தாளில் இருந்த சிங்கத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

முன்ஜாமீன் கிடைத்தது. நிபந்தனை, இரண்டு வாரம் தினமும் காலை 10.30க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நீதிமன்றத்தின் பார்வையில் இது மிதமான நிபந்தனை. நானே எத்தனையோ பேருக்கு இதை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்தியோடு வீடு போயிருக்கிறேன். ஆனால் ஒரு ஊராட்சித் தலைவர், அதுவும் அந்தச் சமூகத்திலிருந்து முதன்முதலாக அந்த நாற்காலிக்கு வந்த பெண், ஊர் பஸ்ஸில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதை ஊரே பார்க்கும்போது, விசாரணைக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில்தான் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மனுவுக்கு வேண்டிய விவரங்களைக் கேட்டு முடித்த பிறகு, சிங்கத்தை ஏன் போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நான் போடச் சொல்லல சார், அவங்க போட்டாங்க. ஆனா பாத்ததும் புடிச்சிருந்துச்சு. பொய் சொல்லக் கூடாதுல்ல. காசுல இருக்குற சிங்கந்தானேன்னு நெனச்சேன்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாங்களும் அரசாங்கந்தானே சார்? இல்லாட்டி எதுக்கு ஓட்டுப் பெட்டி வச்சாங்க?” என்றார்.

சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு தாளோ பொருளோ அரசாங்கத்தோடு தொடர்புடையது என்ற எண்ணத்தை உண்டாக்கும் விதத்தில் அனுமதியின்றிச் சின்னத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அசல் சின்னம் மட்டுமில்லை, அதைப் போலத் தோன்றும் நகலும் தடைக்குள் வரும். 4ஆம் பிரிவு வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. இந்தச் சட்டத்தின்கீழ் 2007இல் வந்த விதிகளின் அட்டவணையில் சின்னத்துக்கு உரிமையுள்ளவர்கள் பட்டியலிடப்பட்டிருக்கிறார்கள்: குடியரசுத் தலைவர் முதல் ஆளுநர்கள், அமைச்சர்கள், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் என்று. 10ஆம் விதி மறுக்கப்பட்டவர்களைச் சொல்கிறது. முன்னாள் அமைச்சர்கள், முன்னாள் உறுப்பினர்கள், ஓய்வு பெற்ற நீதிபதிகள், அதிகாரிகள் கூடாது. வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள் கூடாது. அந்த வரிசையிலேயே நகராட்சி மன்றங்களும் ஊராட்சி அமைப்புகளும் வருகின்றன.

இந்தத் தடைகளில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடானவை. மக்களுக்குப் பொதுவான ஒன்றைச் சரக்கு விற்க யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சத்ரபதி சிவாஜியின் பெயரில் பீடி விற்ற நிறுவனம் ஒன்று, தங்கள் வணிக முத்திரையைப் பறிப்பது சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது; 1975இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 1950ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றது. முன்னாள்களுக்கான தடை இன்னும் அவசியமானது. போன பதவியைச் சிங்கமாக்கிக் கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சுங்கச்சாவடியைத் தாண்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் மீதும் வழக்குப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டுவதுதான் இந்தச் சட்டம் தடுக்க நினைத்த தீமை. அப்படியானால், அதிகாரம் இருந்தும் இல்லாதவராக நடத்தப்பட்ட ஒருவர் அந்தச் சின்னத்தை எடுத்தபோது அவர் செய்தது எந்தத் தீமை? வழக்கின் மையம் என் மனத்தில் இதுவாகத்தான் இருந்தது.

ஜூனியர் ஒருவர் கூர்மையான ஒரு வாதத்தைக் கொண்டுவந்தார். சிங்கங்களின் கீழே தேவநாகரியில் வரும் ‘சத்யமேவ ஜயதே’ சின்னத்தின் ஒரு பகுதி என்று சட்டமே சொல்கிறது. அச்சாபீஸ்காரர் போட்டிருந்தது தமிழ் வாசகம். அது தமிழ்நாடு அரசின் முத்திரையில் கோபுரத்தோடு வருவது. எனவே அந்த அம்மாள் தாளில் இருப்பது இந்திய அரசுச் சின்னமும் இல்லை, தமிழ்நாட்டு முத்திரையும் இல்லை, இரண்டும் கலந்த ஏதோ ஒன்று என்றார். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் போலி நகலையும் 3ஆம் பிரிவு தடுக்கிற பிறகு இந்த வாதம் நிற்காது. அதைவிட, எங்கள் கட்சிக்காரர் போட்டது உண்மையான சிங்கமில்லை என்று சொல்லித் தப்பிப்பது அவர் கேட்ட கேள்விக்கு அவமரியாதையாக எனக்குப் பட்டது. சிங்கம்தான், அவருக்கு அதில் பங்கு உண்டு என்று வாதாடவே விரும்பினேன்.

அதற்காக அந்தச் சிற்பத்தைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. உலகத்தில் பல நாடுகளின் இலச்சினைகள் அரச குடும்பங்களின் கேடயங்களிலிருந்து வந்தவை. போர்க்களத்தில் யார் யாருடைய ஆள் என்று தெரிய வரைந்த அடையாளங்கள், பிறகு பரம்பரைச் சொத்தாகி, பிறகு நாட்டின் முத்திரையாயின. நம் நீதிமன்றங்களிலும் ஒரு காலத்தில் சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் தாங்கிய பிரிட்டிஷ் அரச இலச்சினைதான் இருந்தது. குடியரசு ஆனபோது தேர்ந்தெடுத்தது எந்த வம்சத்தின் கேடயத்தையும் இல்லை. காசிக்கு அருகே சாரநாத்தில், 1904-05 குளிர்காலத்தில் ஓர்டெல் என்ற பொறியாளர் நடத்திய அகழாய்வில் கிடைத்த, அசோகர் நிறுத்திய தூணின் தலைப்பகுதியை எடுத்துக்கொண்டது. சுனார் மணற்கல்லில் கண்ணாடிபோல மெருகேற்றிச் செய்தது, ஏறத்தாழ ஏழடி உயரம். நான்கு சிங்கங்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நான்கு திசையையும் பார்த்து நிற்கும். அவற்றின் கீழே வட்டப் பட்டையில் யானை, குதிரை, காளை, சிங்கம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சக்கரம். அதற்கும் கீழே கவிழ்ந்த தாமரை. சிங்கங்களின் தலைக்கு மேலே ஒரு பெரிய தருமச் சக்கரம் இருந்திருக்கிறது. அது உடைந்து, துண்டுகள் மட்டும் கிடைத்தன. அதாவது செய்தவர்களின் எண்ணத்தில் உச்சியில் இருந்தது சிங்கம் இல்லை. சிங்கங்கள் சுமந்தன, சக்கரம் ஆண்டது. வலிமைக்கு மேலே அறம் என்று அதைவிடத் தெளிவாகக் கல்லில் சொல்ல முடியாது. 1950 ஜனவரி 26 அன்று சின்னமாக ஏற்றபோது தாமரையை விட்டுவிட்டார்கள், மேல் சக்கரமும் இல்லை. தாளில் வரையும்போது மூன்று சிங்கமே தெரியும். நம் போலீஸ் படங்களில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது சிங்கம் போலீஸ்தான் என்று வசனம் வரும்போது தியேட்டரில் விசில் பறக்கும். எனக்கோ, பட்டையில் வலப்பக்கம் நிற்கும் உழவுக்குரிய காளையும், பாயும் குதிரையும், நடுவில் உள்ள சக்கரமும்தான் முக்கியமாகப் பட்டன.

படித்தவற்றில் என்னை நிறுத்திவைத்தது சிற்பம் இல்லை, அது நின்ற தூணில் பொறித்திருந்த ஆணை. சாரநாத் தூணில் அசோகர் வெட்டிவைத்தது பெருமைப் பட்டியல் அல்ல. பௌத்த சங்கத்தைப் பிளக்கும் துறவி, ஆணோ பெண்ணோ, வெள்ளாடை உடுத்தி வெளியே வசிக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குப் போட்ட நிர்வாக உத்தரவு அது. சட்டம் படித்தவன் கண்ணுக்குப் படுவது அடுத்து வரும் வாசகம். இந்த ஆணையின் ஒரு படி உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும், இன்னொரு படியை இல்லறத்தார்களிடம் கொடுத்து வையுங்கள். அவர்கள் நோன்பு நாள்தோறும் வந்து இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அதன் பொருள். அரச ஆணையின் நகல் குடிமக்கள் கையிலும் இருக்க வேண்டும் என்று இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பேரரசன் எழுதிவைத்த அதே தூணின் சிங்கங்களைத்தான் நாம் அதிகாரிகளின் தாளுக்கு மட்டும் உரியவை என்கிறோம்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நடுவர் நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்த பிறகு, வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டோம். மூன்று படிகளாக வாதம் வைத்தேன். முதலாவது, மோசடி இல்லை. ஏமாற்றி ஒரு பொருளையோ பயனையோ பெற வேண்டும் என்பது அந்தக் குற்றத்தின் உயிர். இவர் பெறப் பார்த்தது ஊர்க் கிணற்றுக்கு மோட்டார், அதையும் பெறவில்லை. அவர் தன் பெயரையும் பதவியையும் மறைக்கவில்லை, இரண்டையும் அச்சடித்திருக்கிறார், இரண்டும் உண்மை. இரண்டாவது, 420 போய்விட்டால் மிச்சமுள்ள குற்றத்தில் நடுவரின் உத்தரவின்றிப் புலன் விசாரணை செய்தது செல்லாது. மூன்றாவது, அரசுச் சின்னச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் அல்லது அது அதிகாரமளித்த அலுவலரின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடரவே முடியாது. கோப்பில் அப்படி ஒரு தாளும் இல்லை.

இவற்றோடு நிறுத்தியிருந்தாலும் வழக்கு வென்றிருக்கும். மூத்தவர்கள் அப்படித்தான் கற்றுக்கொடுப்பார்கள்: வெல்லும் வாதம் கையில் இருக்கும்போது பெரிய வாதத்தை வெளியே எடுக்காதே. ஆனாலும் நான் நான்காவதாக ஒன்றைச் சொன்னேன். அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளைத் தன்னாட்சி நிறுவனங்கள் என்று அரசமைப்புச் சட்டமே அழைத்துவிட்டது. அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை உள்ளாட்சி அமைப்பும் அரசுதான் என்று 12ஆம் உறுப்பு சொல்கிறது. ஊராட்சி ஒரு குடிமகனின் உரிமையை மீறினால் அரசு என்று சொல்லி அதன்மேல் ரிட் மனுப் போடலாம். ஆனால் அதே ஊராட்சியின் தலைவர் ஒரு கடிதம் எழுதினால், அது அரசைச் சேர்ந்தது என்ற எண்ணத்தை உண்டாக்கியது குற்றமாம். ஓர் எண்ணம் பொய்யாக இருந்தால்தான் அதை உண்டாக்குவது ஏமாற்று. இவரைப் பற்றி அந்தத் தாள் உண்டாக்கிய எண்ணம் உண்மை என்றேன். சாரநாத் ஆணையைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னேன்.

கூடுதல் அரசு வழக்கறிஞர் திறமையானவர், நேர்மையானவரும்கூட. 420ஐக் காப்பாற்ற அவர் அதிகம் சிரமப்படவில்லை. ஆனால் நான்காவது வாதத்தை நேருக்கு நேர் எதிர்த்தார். 12ஆம் உறுப்பின் விளக்கம் அடிப்படை உரிமைகள் பகுதிக்கு மட்டுமே பொருந்தும், சின்னச் சட்டம் பேசுவது மத்திய, மாநில அரசாங்கங்களைப் பற்றி என்றார். தமிழ்நாட்டில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கிராம ஊராட்சிகள், நாடு முழுக்க இரண்டரை லட்சம்; ஒவ்வொன்றும் சிங்கத்தை அச்சடித்தால் எந்தத் தாள் உண்மை, எந்தத் தாள் போலி என்று ஒரு வங்கி மேலாளர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்றார். இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. முத்திரையின் மதிப்பு அது அரிதாக இருப்பதில்தான் பாதி இருக்கிறது.

நீதிபதி இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் கட்சிக்காரரின் பதவி அட்டவணையில் எங்கே இருக்கிறது?” இல்லை, மை லார்டு, என்றேன். “விதியை எதிர்த்து ரிட் போட்டிருக்கிறீர்களா?” இல்லை. குற்ற வழக்கை ரத்து செய்யும் மனுவில் விதி செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்க முடியாது என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ரிட் போடலாம் என்று நான் முன்பே அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தேன். இன்னொரு வழக்கு வேண்டாம் சார், பதவிக் காலமே கோர்ட்டில் போய்விடும் என்று அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐந்தாண்டுப் பதவியில் இருப்பவர்களுக்கு, பத்தாண்டு நடக்கும் வழக்கு தீர்வாகாது. விதிகள் எளியவர்கள் விஷயத்தில் திருத்தப்படாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம்: பாதிக்கப்பட்டவருக்கு உடனே தேவைப்படுவது ஒன்று, விதியைத் திருத்தத் தேவைப்படுவது வேறு.

உத்தரவு சில பக்கங்களில் வந்தது. மோசடிக்கான கூறுகள் இல்லை. முன் அனுமதி பெறாததால் சின்னச் சட்டத்தின்கீழ் வழக்கைக் கோப்பில் எடுத்தது செல்லாது. வழக்கு ரத்து. மற்ற வாதங்களுக்குள் செல்லத் தேவையில்லை. கடைசி வரியில், முறையான அனுமதி பெற்றுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க இந்த உத்தரவு தடையாகாது. அந்த ஒரு வரியின் கனத்தை அவருக்கு விளக்க எனக்கு நேரம் பிடித்தது. இரண்டாண்டுத் தண்டனை உள்ள குற்றத்துக்கு மூன்றாண்டு காலவரம்பு. அது முடியும் வரை யார் வேண்டுமானாலும் அனுமதி வாங்கி மறுபடி தொடங்கலாம். “அப்ப செயிச்சோமா இல்லையா சார்?” என்று கேட்டார். ஜெயித்தோம், வழக்கு முடிந்தது என்றேன். “நான் அரசாங்கமான்னு அவுக சொல்லலையே” என்றார். சொல்லவில்லை. உத்தரவின் எந்தப் பத்தியிலும் அதற்குப் பதில் இல்லை.

மோட்டார் கடனைத் திருப்பிக் கொடுக்கக் கோரி ஒன்றிய அலுவலகத்துக்கு அவர் மறுபடி எழுதினார், இந்த முறை வெறும் வெள்ளைத் தாளில். உயர் நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலையும் அதோடு இணைத்தார். அது என் யோசனை இல்லை, அவருடையது. நீதிமன்ற முத்திரை போட்ட தாளைக் கண்டதும் அலுவலகம் அசைந்தது, சில வாரத்தில் தொகை ஒப்புதலானது. துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டார்.

2022 ஜூலையில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில், ஆறரை மீட்டர் உயரமும் 9,500 கிலோ எடையுமான வெண்கலச் சின்னம் திறக்கப்பட்டபோது, அதன் சிங்கங்கள் வாயைப் பிளந்து பல்லைக் காட்டுகின்றன, சாரநாத்தின் அமைதி அவற்றில் இல்லை என்று ஒரு சர்ச்சை எழுந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன அந்த மனு, அதே ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடியானது. சிற்பம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறவில்லை, எப்படித் தோன்றுகிறது என்பது பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்தது என்ற கருத்தை நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரங்களில் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிங்கத்தின் முகபாவத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதை யார் தாளில் போட உரிமை உண்டு என்று தீர்மானிக்கும் பட்டியலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இருந்தது. அந்தப் பட்டியலில் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார். அதே வாக்காளர்கள், அதே மை தடவிய விரலால் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் இல்லை.

கூடுதல் அரசு வழக்கறிஞர் எழுப்பிய போலித் தாள் பிரச்சினைக்கு வழி இல்லாமல் இல்லை. உரிமையை நபருக்குக் கொடுக்காமல் பதவிக்குக் கொடுக்கலாம். அச்சாபீஸில் அடிக்க விடாமல், தாளை மாவட்ட ஆட்சியர் அலுவலகமே வரிசை எண்ணோடு அச்சடித்து வழங்கலாம். அரசுத் துறைகளுக்கு எழுதும் கடிதங்களுக்கு மட்டும் என்று வரம்பு வைக்கலாம். பதவிக் காலம் முடிந்ததும் மீதியை ஒப்படைக்கச் சொல்லலாம். இதைச் செய்ய அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், நாடாளுமன்றம் கூட வேண்டாம். விதிகளை மத்திய அரசே திருத்தலாம். அட்டவணையில் ஒரு வரி சேர்த்து, 10ஆம் விதியிலிருந்து ஒரு சொற்றொடரை எடுத்தால் போதும்.

அந்த அம்மாளின் பதவிக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மூன்றாண்டுக்கு மேல் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் வாக்குப்பதிவு வந்தது. அதுவரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அவர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள். அவர்கள் எழுதிய கடிதங்களைத் தலைவர் எழுதியதா, மனுவா என்று ஒன்றிய அலுவலகத்தில் யாரும் சந்தேகிக்கவில்லை.